குப்புறப் படுத்தவர்களுக்கு ஒரு கதை

ஏற்பாட்டக்கா ஓர் இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டால் முதல் வாரம் ஒன்றுமே செய்யமாட்டாள். சும்மா போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். தீயணைப்பு நிலையமோ, ரொட்டித் தொழிலாளர் சங்கமோ, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமோ, எதுவானாலும் சரி. ‘எங்க ஆளுங்களுக்குக் கலை, வாசிப்புன்னு ஏதாவது பண்ணிக் குடுங்க’ என்று கூப்பிட்ட செயலாளர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். கூப்பிட்டது தப்போ என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. யார் கை எப்போது சும்மா இருக்கிறது, யார் காது எப்போது சும்மா இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ரொட்டிக்கூடத்தில் மாவு உப்பி வரும்வரை எல்லாரும் சுவரை வெறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் தொடர்கதை வாசிக்க வைத்தது அவள்தான். தீயணைப்பு நிலையத்தில் கதை வேலைக்கு ஆகாது, பாட்டுத்தான் என்று சொன்னதும் அவள்தான். மணி அடித்தால் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடலாம். கதையை விட்டுவிட்டு ஓடினால் தீயை அணைக்கிற இடத்திலும் மனசு கதையிலேயே இருக்கும்.

ஊரில் இந்த மாதிரி ஒரு வேலை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சம்சாரம் என்ன பண்றாங்க என்று யாராவது கேட்டால், ‘ஆளுங்களைச் சேத்து உக்கார வைக்கிறா’ என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதற்குமேல் விளக்கம் கேட்டால் மனுஷனுக்கு வாய் வராது.

அவளிடம் இன்னொரு வித்தையும் உண்டு. அதற்கு அவள் வைத்திருந்த பேர் ‘முதல் வரிசை’. எந்த நிகழ்ச்சியானாலும் முதல் தடவை தன் ஆட்கள் நாலைந்து பேரை முன்னால் உட்கார வைத்துவிடுவாள். சாவி செய்கிறவர், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, சித்தி மகள் என்று ஒரு கூட்டம் இதற்கென்றே இருந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் முதலில் சிரிப்பது, கைதட்ட வேண்டிய இடத்தில் முதலில் தட்டுவது, கேள்வி உண்டா என்றால் முதல் கேள்வியைக் கேட்பது, இதெல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜனங்கள் கூச்சப்படுகிறவர்கள். ஒருத்தர் சிரித்தால்தான் அடுத்தவருக்குத் தைரியம் வரும். இதில் என்ன தப்பு என்பாள். தப்பு இல்லைதான். இருந்தாலும் எந்த வித்தையை எங்கே காட்டுவது என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய நாத்தனார், கணவருக்கு மூத்தவர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்தார். அங்கே எல்லாருக்கும் அவர் மைக்கம்மா. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைக் காணோம் என்று அழுகிறது, எல்லாம் அந்த ஒரு குரலில்தான் வரும். காத்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவதைப் போல ஒரு பாவம் கிடையாது என்பது அவர் கட்சி. வண்டி வரவே வராது என்றாலும் அதையும் நல்லவிதமாகச் சொல்லத் தெரிந்தவர்.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்து ஏமாந்துபோன சொந்தக்காரர்கள் நிறைய. ஏற்பாட்டக்காவின் முதல் நிகழ்ச்சிக்கு ஈ காக்கை வரவில்லை. வாடகை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு கண்ணீரும் கம்பலையுமாக அவள் உட்கார்ந்திருந்தபோது, நிலையத்தில் மைக்கம்மா இரண்டு வண்டிகளுக்கு நடுவே, ‘பயணிகளின் கவனத்துக்கு, பக்கத்து மண்டபத்தில் ஒரு நல்ல கதை வாசிக்கிறார்கள், உங்கள் வண்டி எப்படியும் தாமதம்தான்’ என்று சொல்லிவிட்டார். மண்டபம் நிறைந்துவிட்டது. மறுநாள் மேலாளர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். மைக்கம்மா வீட்டுக்கு வந்து அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்ட, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றையிலிருந்து முதல் வரிசையிலும் மைக்கம்மாவுக்கு ஒரு நாற்காலி உண்டு.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குரல் நரம்பில் ஒன்று சோர்ந்துபோய்விட்டது. வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்ட அன்றைக்கே மைக்கம்மா வாயை மூடிக்கொண்டுவிட்டார். வேலைக்கு லீவு போட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். ரொம்ப அவசியம் என்றால் காதோடு காதாகக் கிசுகிசுத்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா படித்துப் படித்துச் சொன்னார்: கிசுகிசுக்கவே கூடாது, தினமும் வாய்விட்டுப் பேச வேண்டும், சத்தமாக எதையாவது படிக்க வேண்டும், இப்போது விட்டுவிட்டால் இருக்கிற குரலும் அப்படியே அமுங்கிப் போய்விடும், பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது. மைக்கம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

ஊரையே கூட்டிப் பேசவைக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு மௌனம். ஏற்பாட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி, அண்ணி என்று பின்னாலேயே சுற்றினாள். கெஞ்சினாள், ஒருநாள் சண்டைகூடப் போட்டுப் பார்த்தாள். சண்டைக்கும் இரண்டு வாய் வேண்டாமா? மைக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனாள் ஏற்பாட்டக்கா. ஒரு நிகழ்ச்சிக்குத் திட்டம் போட்டாள்.

கண் ஆஸ்பத்திரி ஒன்று கொஞ்ச நாளாகவே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வார்டு. விழித்திரையில் ஆபரேஷன் ஆனவர்கள் அதில் நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். கண்ணுக்குள் வைத்த காற்றுக்குமிழ் சரியான இடத்தில் போய் அழுத்துவதற்காகவாம். நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் பதித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கிடப்பார்கள். சாப்பிடவும் பாத்ரூமுக்கும்தான் எழுந்திருக்கலாம். டிவி பார்க்க முடியாது, படிக்க முடியாது, வந்தவர்கள் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, செருப்பைத்தான் பார்க்கலாம். வழக்கம்போல ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து பார்த்தபோது அவள் மண்டையில் பளிச்சென்றது. இங்கே கேட்கிறவர்கள் ஒருத்தரும் படிக்கிறவரைப் பார்க்கப்போவதில்லை. கட்டில்களுக்கு நடுவே ஒரு குட்டை முக்காலி போட்டால் சத்தம் நேராக அவர்கள் காதுக்குப் போகும். அண்ணிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். ஏற்பாடு செய்திருந்த வாசகர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார், அங்கே பாவம் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரே ஒரு நாள் வாருங்கள் என்றாள். காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற சொல் வேலை செய்தது. மைக்கம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து புடவை மாற்றப் போனார்.

அதோடு விட்டாளா? அவளுக்குள் இருக்கிற ஏற்பாட்டுக்காரி சும்மா இருப்பாளா? அண்ணியை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் மண்டியிட்டுக் குனிந்து, வரப்போகிறவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும், தயவுசெய்து நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பெயின்டர் ஒருவர், டியூஷன் டீச்சர் ஒருவர், ஹோட்டல் கேஷியர் ஒருவர், எல்லாரும் தலையணைக்குள்ளிருந்து மனப்பூர்வமாகச் சம்மதித்தார்கள். நல்ல ஜனங்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

அண்ணிக்குப் படிக்கக் கொடுத்தது வார்டில் இருந்த ஒரு புத்தகம், குலுக்கலில் ஆடு விழுந்த தபால்காரர் ஒருவரின் கதை. பரிசாக வந்த ஆட்டை என்ன செய்வதென்று தெரியாமல், தபால் கொடுக்கப் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறார். மைக்கம்மா முக்காலியில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார். குரல் பிசிறியது, வரிக்கு நடுவில் காற்றாகிப் போனது, மறுபடி வந்தது. ஆனாலும் ஒரு பக்கம் முழுசாகப் படித்துவிட்டார். மூச்சு வாங்க நிறுத்தினார்.

நிறுத்தியதுதான் தாமதம், பெயின்டர் ஆரம்பித்தார், ரொம்ப இனிமையான குரல் என்று. தேனாகக் காதில் பாய்கிறது என்றார் டீச்சர். ரேடியோவில் கேட்கிற மாதிரியே இருக்கிறது என்று கோடிக் கட்டிலிலிருந்து ஒரு குரல். அதுவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த கேஷியர் திடுக்கிட்டு விழித்து, எங்கே தன் பங்கு விட்டுப்போய்விடுமோ என்ற பதற்றத்தில், ‘அருமையான குரல்ங்க, அருமையான குரல்’ என்று இரண்டு தடவை சொன்னார்.

மைக்கம்மா புத்தகத்தை மூடினார். பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டார். பேருந்தில் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் திரும்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் அவர் கிசுகிசுக்காமல் பேசிய முதல் பேச்சு அது.

“எனக்கே முதல் வரிசை போட்டுட்டியா?”

ஏற்பாட்டக்கா பூசி மெழுக வாயெடுப்பதற்குள் மைக்கம்மா தன் அறைக்குள் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் அந்த வீட்டில் இருந்ததை மௌனம் என்று சொல்ல முடியாது, அதைவிட மோசம். முன்பாவது டம்ளரைக் காட்டுவார். இப்போது தானே எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். நடுவில் அல்லாடியவர் லிஃப்ட் மெக்கானிக்தான். அக்கா அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பார், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடுவாங்க. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்ட நான் யாரைக் கூப்பிடறது?”

அவள் சிரிக்கவில்லை. அண்ணியின் குரல் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் அந்தக் குரலை ஒலிபெருக்கியில் கேட்டவர் அல்லவா? அவரிடம் போய், கெட்டுப்போகவே இல்லை என்று ஒரு கூட்டத்தையே வைத்துப் பொய் சொல்லவைத்திருக்கிறோம். மாத்திரையைப் பழத்தில் ஒளித்து ஒரு குழந்தைக்குக் கொடுப்பதைப் போல அண்ணிக்குச் செய்திருக்கிறோம். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. கடைசியில் மூடிய கதவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வேறு வாசகர் யாரும் கிடையவே கிடையாது, எல்லாமே உங்களுக்காகப் போட்டது, உங்கள் குரல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி, பயத்தில் புத்தி கெட்டுப்போய்விட்டது என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வார்டு சிஸ்டர். புத்தகத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு வார்டில் பிராணனை வாங்குகிறார்களாம். வேறு கதை படித்துக் காட்டினால் வேண்டாம் என்கிறார்களாம். ஏற்பாட்டக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வேண்டுமென்று போடவில்லை, கை மாவாக இருந்தது. இதை அவளே பிற்பாடு சத்தியம் பண்ணிச் சொன்னாள், நம்புவதா வேண்டாமா என்று நமக்கும் தெரியவில்லை. கதவு திறந்தது. மைக்கம்மா பையோடு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பைக்குள் புத்தகம் இருந்தது. கோபத்தில் கிளம்பிய அன்றைக்குத் தெரியாமல் அதையும் எடுத்து வந்திருந்தார்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதுதான் அவர் எண்ணம். முகத்திலேயே எழுதியிருந்தது. ஏற்பாட்டக்கா பேருந்தில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்து கூடவே போனாள்.

வார்டில் வாசலை ஒட்டிய கட்டிலில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கட்டிட மேஸ்திரி. அன்று காலையில்தான் ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஏழாவது மாடிச் சாரத்தில் நிற்கிறவனுக்குத் தரையிலிருந்து கத்தியே பழகியவர். இவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் தலையணைக்குள்ளிருந்தே, யாரு என்றார்.

புத்தகம் கொடுக்க வந்தேன் என்றார் மைக்கம்மா.

“என்னம்மா இது, தொண்டையில சிமெண்டு கொட்டின மாதிரி பேசறே? ஒண்ணும் விளங்கல.”

வராந்தாவில் நின்ற ஏற்பாட்டக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அந்த மனுஷன் வாயைப் பொத்தலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். வார்டு சிஸ்டர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். உள்ளே பெயின்டரும் டீச்சரும் மூச்சு விடவில்லை. மேஸ்திரிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கண் விழித்ததிலிருந்து இவர்கள் ஆடு ஆடு என்று பேசித் தன் தலையைத் தின்கிறார்களாம், அந்த ஆட்டை முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். மைக்கம்மா நின்றார். முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

அவர் படிக்க ஆரம்பித்தார். கேட்கவில்லை என்றார் மேஸ்திரி. அதே வரியை மறுபடி படித்தார். தபால்காரர் யார் வீட்டுக்குப் போனார், பேரை முழுங்கிவிட்டாய் என்றார். பேரை மறுபடி சொன்னார். இன்னும் கொஞ்சம் ஏற்று என்றார். கொஞ்சம் ஏற்றினார். அந்த ஆடு யாருடைய கடிதத்தைத் தின்றது, அதைச் சரியாகச் சொல்லாமல் எங்கே ஓடுகிறாய் என்று மேஸ்திரி குறுக்கே விழுந்தபோது, மைக்கம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“யோவ், ஆடு தின்னது கலெக்டருக்கு வந்த லெட்டரை. குறுக்க குறுக்கப் பேசினா எப்படிய்யா கேக்கும்?”

அது வார்டு முழுக்கக் கேட்டது. வராந்தாவில் கேட்டது. கரகரவென்று, நடுவில் உடைந்து, ஒரு பக்கம் கிழிந்த குரல்தான். ஆனால் அது ஒரு பேருந்து நிலையத்தையே கட்டி மேய்த்தவரின் அதட்டல். பிறகு தலையணைகளுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. எல்லாரும் முகத்தைப் பதித்துக்கொண்டு முதுகு குலுங்கச் சிரித்தார்கள். குமிழ் நகர்ந்துவிடும், அசையாதீர்கள் என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிய சிஸ்டரும் சிரித்தார். ஏற்பாட்டக்கா மட்டும் சுவரில் சாய்ந்து அழுதாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சிரிப்பு அது. அவள் எத்தனையோ மண்டபங்களில் அப்படி ஒன்று வராதா என்று ஏங்கியிருக்கிறாள்.

மைக்கம்மா தண்ணீர் குடித்துக் குடித்து அந்த அத்தியாயத்தை முடித்தார். எழுந்தபோது மேஸ்திரி சொன்னார்.

“குரல் சுமார்தாம்மா. ஆனா இதோட விட்டுட்டுப் போயிடாத. நான் இன்னும் ஒரு வாரம் இப்படித்தான் கிடக்கணுமாம்.”

‘சுமார்தான்’ என்று மைக்கம்மாவும் ஒப்புக்கொண்டார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. எடை போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் ஒருத்தர் தலையாட்டுவாரே, அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஏற்பாட்டக்கா நினைத்தாள். அதற்குள் மைக்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமலே சொன்னார்.

“நாளையிலேர்ந்து நீ வராதே. நீ வந்தா எல்லாரும் நல்லவங்களா ஆயிடறாங்க.”

மறுநாள் சாயந்தரம் அவர் தனியாகக் கிளம்பிப் போனார். போகும்போது வாசலில் நின்று, கதவைச் சாத்திக்கோ என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது ஏற்பாட்டக்கா வீட்டிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரியில் நிகழ்ச்சி இருக்கிற நாளாயிற்றே, நீ போகவில்லையா என்று கேட்டார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்து காட்டியபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

“என்னை வர வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றாள்.